சாமி படம் இறக்கியாச்சா?

நான் கடையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீங்கள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் நன்றாக ஓடுகிறது. ஆனால் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சிரித்தீர்களே, அதையும் நான் மறக்கவில்லை. தானமாக வரும் சாமானை எடுக்கப் போகும்போது நிரப்பும் சீட்டில் பெயர், விலாசம், என்னென்ன சாமான் என்று கேட்டுவிட்டு, கடைசி வரியாக “சாமி படம் இறக்கியாச்சா?” என்று இருக்கிறதே, அதைக் காட்டி “இது என்ன மேடம், நாம கடை நடத்துறோமா கோயில் நடத்துறோமா?” என்றீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அந்த வரியை எழுதியவள் நான்தான். எழுதிய அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்தில் நம் கடை அப்போது வெறும் தகரக் கொட்டகை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் இட்லி போல வெந்துவிடுவோம். குரோம்பேட்டை, சேலையூர் பக்கமெல்லாம் தனி வீடுகளை இடித்து ஃபிளாட் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். இடிக்கப் போகிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், கிரில், பீரோ, கட்டில் எல்லாவற்றையும் தானமாக வாங்கி வருவோம். துடைத்து, பழுது பார்த்து, மலிவாக விற்போம். அந்த லாபத்தில் நம் டிரஸ்ட், வாடகைக் குடிசையிலேயே காலம் தள்ளும் குடும்பங்களுக்கு ஒற்றை அறை வீடு கட்டித் தரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று சொல்கிறேன். அந்த வீடுகளின் வாசக்கதவு மட்டும் கடையிலிருந்தே போகும். இருப்பதிலேயே நல்ல கதவாகப் பார்த்து நாங்கள் எடுத்து வைப்போம். எவ்வளவு விலை கேட்டாலும் அதை விற்க மாட்டோம்.

அந்த வருடம் பெரும்பாக்கத்தில் மல்லிகாவின் வீடு முடிந்திருந்தது. மல்லிகாவும் அவள் புருஷனும் கீழ்க்கட்டளையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர்கள். இரண்டு குழந்தைகள். அவர்கள் இருந்த வாடகைக் குடிசையை வீட்டுக்காரன் வேறொருவனுக்குப் பேசிவிட்டான். வைகாசி முடிவதற்குள் காலி பண்ணு என்று கறாராகச் சொல்லிவிட்டான். வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் மல்லிகா பால் காய்ச்ச நாள் குறித்திருந்தாள். அதை விட்டால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் புது வீட்டுக்குப் போக மாட்டார்கள். இரண்டு மாதம் அந்தக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பாள்?

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால், அவளுக்கென்று எடுத்து வைத்த கதவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கரையான். தட்டினால் பொலபொலவென்று கொட்டுகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாதமாகக் கதவைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் அழகு பார்த்தவள் நான்தானே!

நல்ல வேளையாக மறுநாள் காலை சேலையூர் தாண்டி ஒரு காலனியில் சாமான் எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் பம்பாயில் இருக்கிற ஒரு வீடு. “எங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டோம். உள்ளே இருக்கறது எல்லாமே உங்களுக்குத்தான். வாசக்கதவு பர்மா தேக்கு” என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கதவை நிலையோடு பெயர்த்து நேராகப் பெரும்பாக்கம் கொண்டு போய்ப் பொருத்திவிடு என்று எல்லப்பனிடம் சொன்னேன். எல்லப்பன் எங்கள் தச்சர். ஒரு வீட்டை இடிக்காமலே அதன் மரத்தையெல்லாம் உருவிவிடுவார். விலாசச் சீட்டில் நான் அவசரமாக ‘மூன்றாவது தெரு, 18’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நம் பக்கத்துக் காலனிகளின் லட்சணம் உங்களுக்குத் தெரியுமல்லவா? மனை பிரித்தபோது போட்ட பிளாட் எண் ஒன்று, பின்னால் வந்த கதவு எண் வேறொன்று. அவர்கள் எனக்குச் சொன்னது பிளாட் 18. அந்த வீட்டுக் கதவு எண் 7. கதவு எண் 18 என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்த வீடு அதே தெருவில், ஐந்தாறு வீடு தள்ளி இருந்தது. எல்லப்பன் எங்கே போயிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என் தப்பு அந்தச் சீட்டில் முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லவே மாட்டேன். எண்ணைத் தப்பாக எழுதாதவர் யார்? காலை எட்டு மணிக்கு எல்லப்பன் பெட்டிக்கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டார்.

“அக்கா, பக்கத்தூட்ல சாவி குட்த்துட்டாங்க. உள்ள போய்ப் பார்த்தா சாமி படமெல்லாம் அப்டியே மாட்டிகினு கீது. வௌக்குல எண்ண கூட காயல. எனக்கு இன்னாவோ மாதிரி கீதுக்கா.”

“அவங்க பசங்க பம்பாய்ல இருக்காங்க எல்லப்பா. பழசு எதுவும் வேணாம்னுதான் சொன்னாங்க. நீ கதவைக் கழட்டு.”

“இல்லக்கா, ஊட்ட இடிக்கறவன் மொதல்ல சாமியத்தான எறக்குவான்...”

“மல்லிகா வீட்டுக்கு இன்னிக்கே கதவு போகணும். இப்போ எனக்குச் சாமி கதை சொல்லாதே!” என்று நானே போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு ரூபாயில் இன்னும் நேரம் பாக்கி இருந்தது.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு வீடாகப் போய் மரத்தைப் பெயர்த்த மனிதர் அவர். இடியப் போகிற வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதியவள். கண்ணால் பார்த்தவர் நில் என்கிறார், பார்க்காதவள் போ என்கிறேன். அவசரம் என்ற ஒன்று தலைக்கேறிவிட்டால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

பிற்பகல் ஒரு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. சாமான் கொடுக்கிற வீட்டுக்காரர்.

“என்னம்மா, காலையிலேருந்து காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். உங்க ஆளுங்க வரவே இல்லையே?”

“வந்து வாசக்கதவை எடுத்துட்டுப் போயிட்டாங்களே சார்!”

“எங்க வாசக்கதவு எங்க வாசல்லதான் இருக்கு. நான் அதுல சாய்ஞ்சுக்கிட்டுதான் பேசறேன்.”

ஆட்டோ பிடித்து அந்தத் தெருவுக்கு ஓடினேன். 18 என்று எழுதிய வீட்டில் கதவு இருந்த இடத்தில் ஒரு தகரத்தைச் சாத்தி, கல்லை முட்டுக் கொடுத்திருந்தது. நிலை இருந்த இடத்தில் செங்கல் பல்லைக் காட்டியது. பக்கத்து வீட்டு அம்மாள் மதில் வழியாக எட்டிப் பார்த்து, என்னை ஆசாரி அனுப்பியவள் என்று நினைத்துக்கொண்டார்.

“ஆசாரி கதவை எடுத்துட்டுப் போய்த்தான் சீவறாரா? டீச்சர் மழைக்காலத்துலேருந்தே புலம்பிக்கிட்டு இருந்தாங்க, கதவு இறுக்கிப் பிடிக்குதுன்னு. ஆசாரி வருவார், சாவி குடுங்கன்னு சொல்லிட்டுத்தான் திருச்சிக்குப் போனாங்க. நான் தினம் வந்து விளக்கு ஏத்திட்டுப் போறேன். சாயங்காலம் வந்துடுவாங்க. பொண்ணையும் பொறந்த குழந்தையையும் கூட்டிக்கிட்டு வராங்க. சீக்கிரம் மாட்டச் சொல்லுங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஆமாம்மா, மாட்டிடுவோம்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பொய் சொல்லவில்லை என்று ஆட்டோவில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சே, எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது அந்தச் சமாதானம்!

பெரும்பாக்கத்தில் போய் இறங்கினால், கதவு நின்றுகொண்டிருந்தது. நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, நிலையின் தலையில் பூச்சரம் சுற்றியிருந்தாள் மல்லிகா. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். “பார்த்தியாக்கா என் கதவ! எங்க தெருவுலயே இத்தினி பெரிய கதவு யாருக்கும் இல்ல!” அவள் கை முழுக்க மஞ்சள். எல்லப்பன் என் முகத்தைப் பார்த்தார். சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அந்த ஊடு இல்லையாக்கா?”

“இல்ல எல்லப்பா.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இதற்குள் என் மூளை வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பூஜை போட்ட நிலையைப் பெயர்க்கக் கூடாது. அது அவளுக்கு அபசகுனம். உண்மையான 18ஆம் பிளாட்டிலும் தேக்குக் கதவு இருக்கிறது. அதைக் கொண்டு போய் டீச்சர் வீட்டில் வைத்துவிட்டால்? ஆசாரி புதுக் கதவாகவே மாற்றிக் கொடுத்தார் என்றால்? இந்த யோசனையை எல்லப்பனிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அவங்க கையில கீற சாவி எந்தப் பூட்டுக்குக்கா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மல்லிகா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, வேற யார் ஊட்டுக் கதவா இது?” அவள் குரல் உயர்ந்தது. “ஏன்கா இப்டி பண்ண? இப்பத்தான் என் மாமியார், நாத்தனார், தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. இப்போ கயட்டிகினு போனா நான் யார் மூஞ்சில முழிப்பேன்? நாளைக்கு விடிஞ்சா பால் காய்ச்சணும். குடிசையில சாமான் எல்லாம் மூட்ட கட்டிட்டேன். ஊட்டுக்காரன் இன்னிக்கே வந்து நின்னுகினு கீறான்!”

அவள் சொன்னதில் எதை மறுப்பது? யாருடைய கதவு, யார் வருகிறார்கள் என்பதை மட்டும் சொன்னேன். டீச்சர், மகள், பச்சைக் குழந்தை, சாயங்கால வண்டி.

குழந்தை என்றதும் அவள் நின்றாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “எல்லப்பண்ணா, கயட்டு” என்றாள். “பச்சக் கொயந்தைய தகரத்துக்குள்ள இட்டுகினு போவாங்களா? நானும் வரேன். மஞ்சா பூசினது நான். நானே வந்து வச்சிட்டுப் போறேன்.”

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். எல்லப்பனின் கூட்டாளி உண்மையான வீட்டுக்குப் போய் அங்கே கதவைப் பெயர்க்க ஆரம்பித்தான். எல்லப்பனும் மல்லிகாவும் டெம்போவின் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு வர, நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மேடவாக்கம் முழுக்க ஒவ்வொரு மாட்டு வண்டியையும் சபித்துக்கொண்டே வந்தேன். டீச்சர் வீட்டில் நிலையை நிறுத்தி, சாந்து பூசினார்கள். சும்மா இருக்காமல் எல்லப்பன் கதவின் அடிப்பக்கத்தை இழைப்புளியால் நான்கு இழுப்பு இழுத்துச் சீவியும்விட்டார். “ஆசாரி வருவான்னு நம்பிகினு போச்சே அந்தம்மா” என்றார். தோரணம் வரும் வழியில் நசுங்கிவிட்டது. மல்லிகா அந்த வீட்டு மாமரத்திலேயே இலை பறித்து மறுபடி கட்டினாள்.

கடைசி ஆணி அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆட்டோ வந்து நின்றது. முதலில் டீச்சர் இறங்கினார். ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மாள். நெற்றியில் விபூதி மட்டும். பின்னால் குழந்தையோடு மகள். டீச்சர் வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“அடேயப்பா! யாரு இவ்வளவு அழகா ஜோடிச்சது? நிலைக்கு மஞ்சள், தோரணம் எல்லாம்! குழந்தை வர்றான்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சா?”

பக்கத்து வீட்டு அம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்தார். “எனக்கு ஜோடி வேணுமே, ரெண்டு பேரா சுத்தணும்” என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அந்தக் கணக்கில் நான் வர மாட்டேன். அவர் மல்லிகாவைக் கூப்பிட்டார். மல்லிகா தயங்கினாள். பிறகு புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்த் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் சுற்றினார்கள். குழந்தை கொட்டாவி விட்டது. “சாந்து ஈரமா கீது, படிய மெரிக்காம தாண்டி வாம்மா” என்று எல்லப்பன் சொல்ல, மகள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். டீச்சர் கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. கதவு கதவு இருந்த இடத்தில் இருக்கிறது, குழந்தை வீட்டுக்குள் இருக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். வாயைத் திறக்காமல் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போது டீச்சர் கைப்பையைத் திறந்துகொண்டு எல்லப்பனிடம், “ஆசாரி, நிலையவே எடுத்துச் சரி பண்ணிட்டீங்களா? ரொம்பப் பெரிய வேலையாச்சே. எவ்வளவு தரணும்?” என்று கேட்டார்.

எல்லப்பன் கையை நீட்டவில்லை. “அக்காவ கேளும்மா” என்றார்.

என் பொய்யை அவர் தன் கையில் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, எண், போன், பெரும்பாக்கம், எதையும் விடவில்லை. டீச்சர் நின்றபடியே கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“பூட்டியிருந்த வீட்டுக் கதவை நிலையோட பேத்துட்டுப் போயிருக்கீங்க. இதுக்கு என்ன பேரு தெரியுமா?” உள்பக்கம் கை காட்டினார். “உள்ளே எங்க வீட்டுக்காரர் படம் இருக்கு. சாமி படம் இருக்கு. அதைப் பார்த்தும்கூடவா உங்களுக்குத் தோணல?”

“அவர் பார்த்தார். எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். நான்தான் கேட்கல.”

டீச்சர் எல்லப்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளை முட்டி போட வைத்த பார்வை அது. நான் வாங்கிக்கொண்டேன். அப்போது மல்லிகா முன்னால் வந்தாள்.

“அம்மா, மஞ்சா பூசினது நான்தாம்மா. என் கதவுனு நெனச்சிகினுதான் பூசினேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“உன் கதவா? அப்ப உன் வீட்டுக்கு?”

“வேற கதவு வந்துகினு கீதும்மா. காலைல பால் காய்ச்சணும்.”

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கோபம் திசை மாறிவிட்டது.

“மணி அஞ்சே முக்கால்! அந்தக் கதவை இன்னும் மாட்டலையா? அப்ப மூணு பேரும் இங்கே நின்னு என்ன பண்றீங்க? ஓடுங்க!”

ஓடினோம். வகுப்பிலிருந்து விரட்டிவிட்ட பிள்ளைகள் மாதிரி ஓடினோம். டெம்போவில் ஏறியதும் எல்லப்பன்தான் முதலில் சிரித்தார். பிறகு மல்லிகா. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். உண்மையான கதவை ஏற்றிக்கொண்டு பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்து, ராத்திரி எட்டு மணிக்குள் நிலையை நிறுத்தியும்விட்டோம். இந்தக் கதவு அதைவிட இரண்டு விரற்கடை சின்னது. மல்லிகா அளந்து பார்த்துவிட்டு, “பரவால்ல, இது என்துதான?” என்று இரண்டு தடவை என்னைக் கேட்டாள். “உன்னுதுதான், உன்னுதுதான்” என்று இரண்டு தடவை சொன்னேன்.

அன்று கடைக்குத் திரும்பியதும் சீட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு தாளின் கடைசியிலும் அந்த வரியைப் பேனாவால் எழுதினேன். அடுத்த முறை அச்சடித்தபோது அதுவும் அச்சில் ஏறியது. சில வீடுகளில் சிலுவை இருக்கும், சில வீடுகளில் மெக்கா படம் இருக்கும், ஒன்றுமே இல்லாத வீட்டில் கல்யாணப் படமாவது இருக்கும். மனிதர்கள் கடைசியாக விட்டுவிட்டுப் போகிற பொருள் அது இல்லை, முதலில் எடுத்துக்கொண்டு போகிற பொருள். அது சுவரில் இருந்தால் அந்த வீட்டில் ஒரு ஆணியைக்கூடத் தொடாதீர்கள். வண்டியில் போகிறவர் கூப்பிட்டு “எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றால், உங்களுக்கு எத்தனை அவசரமானாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். உங்களுக்கெல்லாம் இப்போது ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மறுநாள் விடியற்காலை மல்லிகா வீட்டில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. பாத்திரத்தில் பால். தெருவே வாசலில் நின்றது. அப்போது ஒரு ஆட்டோ வந்தது. டீச்சர் இறங்கினார். எல்லப்பன் சட்டென்று என் பின்னால் ஒளிந்துகொண்டார், நான் யார் பின்னால் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன். டீச்சர் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மல்லிகாவிடம் போய் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் புதுப் பூட்டு, இரண்டு சாவியோடு.

“நேத்து என் பேரனுக்கு ஆரத்தி எடுத்தியே, அதுக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோம்மா. சாவியைப் பக்கத்து வீட்ல குடுக்காதே. இந்த மாதிரி ஆளுங்க வருவாங்க” என்று சொல்லிவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

அதுவரை மல்லிகா குடியிருந்த இடங்களில் ஒன்றில்கூடப் பூட்டுகிற மாதிரி கதவு இருந்ததில்லை. கோணித் திரை, தட்டி, கயிறு போட்டுக் கட்டுகிற தகரம், அவ்வளவுதான். அவள் வாசலில் நின்றபடியே கதவை வெளியிலிருந்து சாத்தினாள். பூட்டை மாட்டிப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி பூட்டினாள். தெருவே அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளேயிருந்து அவள் புருஷன்தான் கத்தினான்.

“ஏய் மல்லிகா, கதவத் தொற! பால் பொங்கிகினு கீது!”